மூலபாடத்தைத் தேடிய டிஷெண்டார்ப்: சீனாய்ச் சுவடி நமக்குக் கற்பிப்பது

சபையில் வேதபாட வகுப்பு நடத்தும் போதகர் எவரும் ஒருமுறையேனும் சந்திக்கக்கூடிய நிலைமை ஒன்றுண்டு. ஒருவர் கையில் பழைய மொழிபெயர்ப்பு இருக்கிறது. அருகில் அமர்ந்திருப்பவர் கையில் 1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் இருக்கிறது. யோவானின் முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. ஏழாம் வசனத்திற்கு வந்ததும், பரலோகத்தில் சாட்சி பகரும் மூவரைப் பற்றி முதலாமவர் வாசிக்கிறார். இரண்டாமவரின் நூலில் அச்சொற்கள் இல்லை. "ஐயா, புதிய மொழிபெயர்ப்பில் வேதத்தைக் குறைத்துவிட்டார்களா?" என்று சபையின் மூப்பர் ஒருவர் வருத்தத்துடன் வினவுகிறார்.

இவ்வினாவை எளிதாகக் கடந்துவிட முயலும் போதகர் உண்டு. பழைய மொழிபெயர்ப்பே சரியானது, மற்றதைத் தள்ளிவிடுங்கள் என்று சொல்லிவிடுவோரும் உண்டு. இவ்விரண்டும் வினவியவருக்கு நீதி செய்வன அல்ல. திருமறை எவ்வாறு கைமாறி நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதை ஓரளவேனும் விளக்குவதே தகுந்த விடையாகும். அவ்விளக்கத்திற்குப் பெரிதும் துணைபுரிவது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த கான்ஸ்டன்டைன் டிஷெண்டார்ப் என்னும் ஜெர்மானிய அறிஞரின் சுவடித் தேடல் வரலாறு. அதனை நன்மையும் தீமையும் மறைக்காமல் ஈண்டு நோக்குவோம்.

தேடலின் பின்னணி

அச்சில் வெளியிடப்பெற்ற முதலாவது கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516ஆம் ஆண்டு எராஸ்மஸ் பாசெல் நகரில் வெளியிட்டார். அதற்கு அவர் பயன்படுத்தியவை தம் கைக்கெட்டிய ஒரு சில பிரதிகளே. அவற்றுட் பெரும்பாலானவை பிற்காலத்தன. வெளிப்படுத்தின விசேஷத்திற்கு ஒரே பிரதிதான் கிடைத்தது. அதிலும் இறுதி ஏடு இல்லை. ஆகவே அவ்வசனங்களை இலத்தீன் மொழியிலிருந்து தாமே கிரேக்கத்திற்குப் பெயர்த்து நிறைவு செய்தார். 1 யோவான் 5:7இல் வரும் மூவர் சாட்சி அவருடைய முதலிரு பதிப்புகளில் இல்லை. அதனைக் கொண்ட கிரேக்கப் பிரதி ஒன்று காட்டப்பட்ட பின்னரே 1522ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். எராஸ்மஸ் வழிவந்த இப்பாடமே 'ஏற்றுக்கொள்ளப்பட்ட பாடம்' என்னும் பெயர் பெற்று, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் சீர்திருத்தச் சபைகளின் மொழிபெயர்ப்புகளுக்கு அடிப்படையாயிற்று. நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் இம்மரபில் வந்ததே. ஆகவே சபை மூப்பர் புதிய நூலில் காணாத சொற்கள், உண்மையில் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் என்றும் இருந்தவை அல்ல.

டிஷெண்டார்ப் 1815ஆம் ஆண்டு சாக்சனி நாட்டில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அவர் இறையியல் பயின்ற நாட்களில், 1835ஆம் ஆண்டு டேவிட் ஸ்ட்ராஸ் எழுதிய இயேசுவின் வாழ்க்கை பற்றிய நூல் ஜெர்மனியையே கலக்கியது. சுவிசேஷங்கள் பிற்காலப் புனைவுகள் என்னும் கருத்து அறிஞரிடையே பரவிற்று. இதற்கு விடை வெறும் வாதத்தினால் ஆகாது, சான்றுகளாலேயே ஆகவேண்டும் என டிஷெண்டார்ப் கருதினார். பழமையான பிரதிகளைத் தேடி, ஒப்புநோக்கி, அப்போஸ்தலர் காலப் பாடத்திற்கு இயன்ற மட்டும் அணுகுவதையே தம் வாழ்நாட் பணியாக வரித்துக்கொண்டார். விசுவாசத்தைக் காக்க விரும்பிய அவர், அதற்கென ஆய்வைத் தவிர்க்கவில்லை. ஆய்வினுள்ளேயே ஆழ்ந்தார் என்பது கருதத்தக்கது.

பாரீசும் ரோமும்

1840ஆம் ஆண்டு பாரீசுக்குச் சென்ற டிஷெண்டார்ப், அங்கே எப்ராயீம் சுவடி என்னும் ஓர் அரிய ஏட்டை எதிர்கொண்டார். அது ஐந்தாம் நூற்றாண்டில் வேதாகமம் எழுதப்பட்ட தோல் ஏடு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒருவர் அவ்வெழுத்தைச் சுரண்டி நீக்கி, அதன்மேல் சீரிய சபைத் தந்தை எப்ராயீமின் நூல்களைக் கிரேக்கத்தில் எழுதியிருந்தார். தோல் விலையுயர்ந்ததாகையால் இவ்வாறு அழித்தெழுதுதல் அக்காலத்து வழக்கம். அடியில் மங்கிக் கிடந்த எழுத்துகளை முன்னர்ப் பலர் படிக்க முயன்று முற்றுப்பெறாமல் விட்டனர். டிஷெண்டார்ப் இரண்டாண்டுகளுக்குள் அதனைப் படித்தெடுத்து, 1843இல் புதிய ஏற்பாட்டுப் பகுதியையும் 1845இல் பழைய ஏற்பாட்டுப் பகுதியையும் அச்சேற்றினார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான்.

ரோமில் அவருக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் சுவடியைக் காண 1843இல் சென்றவருக்கு ஆறு மணி நேரமே அனுமதி அளிக்கப்பட்டது. மேற்கு நாடுகளின் நூலகங்களில் இருப்பவை ஏற்கெனவே அறியப்பட்டவை. அறியப்படாதவை கீழ்த்திசைத் துறவியர் மடங்களில் இருக்கலாம் என்னும் எண்ணத்துடன் 1844இல் எகிப்துக்குப் புறப்பட்டார்.

சீனாய் மடத்தில் மூன்று முறை

சீனாய் மலையடிவாரத்திலுள்ள புனித கேத்தரீன் மடம் ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் எழுப்பியது. அக்காலத்தில் அங்குச் செல்பவர், மதிலின் உயரத்தே அமைந்த வாயிலுக்குக் கயிற்றினால் தூக்கப்பட்டே உள்ளே சேர்வர். 1844ஆம் ஆண்டு மே மாதம் டிஷெண்டார்ப் அவ்வாறே உள்ளே சென்றார். அங்கே கிரேக்கப் பழைய ஏற்பாட்டின் 129 தோல் ஏடுகளைக் கண்டார்; அவற்றுள் 43 ஏடுகள் அவருக்குக் கிடைத்தன. அவற்றை லைப்சிக்கிற்குக் கொணர்ந்து, தம் அரசரின் பெயரைச் சூட்டி 1846இல் வெளியிட்டார். எங்கிருந்து கிடைத்தன என்பதை மட்டும் வெளியிடவில்லை.

1853இல் மீண்டும் சென்றார். ஆதியாகமத்தின் ஒரு சிறு துண்டேயன்றி வேறெதுவும் கிட்டவில்லை. மூன்றாம் முறையாக, ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் ஆதரவுடன் 1859ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் மடத்தை அடைந்தார். நான்கு நாட்கள் தேடியும் பயனில்லாமல், திரும்புவதற்கு ஒட்டகங்களையும் ஏற்பாடு செய்துவிட்டார். பிப்ரவரி 4ஆம் நாள் மாலை, மடத்தின் மேற்பார்வையாளராகிய துறவி அவரைத் தம் அறைக்கு அழைத்துச் சென்று, சிவப்புத் துணியில் பொதிந்திருந்த ஒரு கட்டினை எடுத்து முன்வைத்தார். தாம் 15 ஆண்டுகளுக்கு முன் கண்டு விட்டுவந்த 86 ஏடுகளும் அதில் இருந்தன. அவற்றுடன் பழைய ஏற்பாட்டின் வேறு பல பகுதிகளும், புதிய ஏற்பாடு முழுவதும், பர்னபா நிருபமும், ஹெர்மாஸ் நூலின் ஒரு பகுதியும் இருந்தன. டிஷெண்டார்ப் அன்றிரவு உறங்கவில்லை. கிரேக்கத்தில் அதன் தொடக்கப் பகுதி அதுகாறும் கிடைத்திராத பர்னபா நிருபத்தை விளக்கொளியில் படியெடுத்தார்.

பின்னர்ச் சுவடி கெய்ரோவுக்குக் கொணரப்பட்டது. அங்கே அவரும் ஜெர்மானியராகிய இரு துணைவரும் இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 1,10,000 வரிகளைப் படியெடுத்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் சுவடியையே இரவலாகப் பெற்று ரஷ்யாவுக்குக் கொண்டுசென்றார். 1862இல் நான்கு பெரும் தொகுதிகளாக அதன் அச்சுப்படி வெளியாயிற்று.

சுவடியின் இயல்பு

சீனாய்ச் சுவடி நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்டது என்பது அறிஞரின் பொதுக் கருத்து. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் உயரமும் 34 சென்டிமீட்டர் அகலமும் உடையது. பக்கத்திற்கு நான்கு பத்திகள், பத்திக்கு 48 வரிகள். சங்கீதம் முதலிய கவிதை நூல்கள் மட்டும் இரு பத்திகளாக அமைந்தன. எழுத்துகள் யாவும் பேரெழுத்துகள். சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. பேரெழுத்துச் சுவடிகளுள் புதிய ஏற்பாடு முழுவதும் குறைவின்றி எஞ்சியிருப்பது இது ஒன்றே.

எனினும் இது பிழையற்ற நூல் அன்று. முதலில் எழுதியோரின் காலம் முதல் பல நூற்றாண்டுகள் வரை பலர் இதில் பல்லாயிரம் திருத்தங்கள் செய்துள்ளனர். 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், அன்பில்லாமற்போனால் என்னும் கருத்துடைய சொற்கள் இருமுறை வருகின்றன. எழுதியவரின் கண் முதலாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்திற்குத் தாவிவிட்டது, இடையிலுள்ளது விடுபட்டது. பின்வந்த ஒருவர் அதனைச் சேர்த்தெழுதினார். கையால் படியெடுத்த எவருக்கும் நேரும் பிழை இது. டிஷெண்டார்ப் தம் கண்டெடுப்பின்மேல் கொண்ட பற்றினால் இதற்கு மிகையான மதிப்பளித்தார் என்று பிற்கால அறிஞர் கருதினர். 1869 முதல் 1872 வரை வெளிவந்த அவரது எட்டாம் பதிப்பு, ஏழாம் பதிப்பினின்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வேறுபட்டது இதற்குச் சான்று. மிகப் பழைய பிரதியாயினும் அது சான்றுகளுள் ஒன்றே; தனித்து நின்று தீர்ப்பளிக்கும் நீதிபதி அன்று.

சில பாட வேறுபாடுகள்

பிரசங்கிமாராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய வேறுபாடுகள் சில உள. மாற்கு சுவிசேஷம் சீனாய்ச் சுவடியில் 16:8உடன் முடிகிறது. கல்லறையைவிட்டு அஞ்சி ஓடிய பெண்கள் எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதே அங்கு இறுதிச் சொல். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சி, அதாவது யோவான் 7:53 முதல் 8:11 வரை, இதில் இல்லை. கர்த்தருடைய ஜெபத்தின் இறுதியில் நாம் சொல்லும் துதிமொழி மத்தேயு 6:13இல் இல்லை. இவை மூன்றும் வத்திக்கான் சுவடியிலும் இல்லை.

இவற்றினும் நுண்ணியது லூக்கா 23:34. சிலுவையில் அறைந்தோரை மன்னிக்கும்படி ஆண்டவர் பிதாவை நோக்கி மன்றாடிய சொற்களைச் சீனாய்ச் சுவடியின் முதல் எழுத்தர் எழுதியிருக்கிறார். திருத்தியவர் ஒருவர் அவை ஐயத்திற்குரியவை என்று அவற்றைச் சுற்றிக் குறியிட்டார். பின்வந்த மற்றொருவர் அக்குறிகளை நீக்கினார். வத்திக்கான் சுவடியில் அச்சொற்கள் இல்லை. நாம் புனித வெள்ளிதோறும் முதல் வார்த்தையாகத் தியானிக்கும் அம்மன்றாட்டைப் பற்றி ஆதிச் சபையின் எழுத்தர்கள் கொண்ட ஐயமும், அதனை விட்டுவிட மனமில்லாத உறுதியும் ஒரே ஏட்டில் பதிந்துள்ளன. அவ்வேட்டின்மேல் குனிந்து கையில் எழுதுகோலுடன் தயங்கிய அம்மனிதர் திருமறையைப் பகைத்தவர் அல்லர். தாம் பெற்றதை உண்மையாய் ஒப்படைக்க விரும்பியமையாலேயே தயங்கினர்.

கூடையும் ரசீதும்

இனி இவ்வரலாற்றின் கடினமான பகுதிக்கு வருகிறோம். 1844இல் தாம் கண்ட ஏடுகள் குளிர்காய்வதற்காக நெருப்பிலிடப்படவிருந்த ஒரு கூடையில் கிடந்தன என்றும், அத்தகைய இரு குவியல்கள் ஏற்கெனவே எரிக்கப்பட்டுவிட்டன என்று நூலகப் பொறுப்பாளர் கூறினார் என்றும் டிஷெண்டார்ப் பின்னாளில் எழுதினார். இக்கதை உலகெங்கும் பரவியது. நாமும் பல ஆண்டுகள் வகுப்பறையிலும் பிரசங்க பீடத்திலும் இதனை அப்படியே சொல்லிவந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளுதல் முறை. அறியாத துறவிகள் வேதத்தை எரிக்க, சீர்திருத்தச் சபையின் அறிஞர் அதனைக் காத்தார் என்பது கேட்பதற்கு இனிய எடுத்துக்காட்டாக நமக்குத் தோன்றிற்று.

ஆயின் சான்றுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. மடத்துத் துறவியர் இக்கதையைத் தொடர்ந்து மறுத்துள்ளனர். தோல் ஏடு எளிதில் தீப்பற்றி எரியும் பொருளன்று. ஏடுகளைக் கூடைகளில் இட்டு வைத்தல் அக்காலத்து வழக்கம். லைப்சிக்கிலுள்ள 43 ஏடுகளும் மிக நல்ல நிலையில் உள்ளன. குப்பையில் கிடந்தவையாகத் தோன்றவில்லை. டிஷெண்டார்ப் சென்ற அடுத்த ஆண்டே, 1845இல், ரஷ்யத் துறவியும் அறிஞருமாகிய போர்பீரியுஸ் உஸ்பென்ஸ்கி அம்மடத்தில் சுவடியின் 347 ஏடுகளையும் கண்டு, பின்னர் அதைப்பற்றி எழுதியிருக்கிறார். ஆகவே சுவடி மறைந்துபோன ஒன்றன்று. துறவியர் அதனை அறிந்திருந்தனர், காட்டியும் இருந்தனர்.

1859இல் டிஷெண்டார்ப் கையொப்பமிட்டுக் கொடுத்த ரசீது, சுவடியை இரவலாகப் பெறுவதாகவும், மடத்தார் கேட்கும்போது சேதமின்றித் திருப்பித் தருவதாகவும் கூறுகிறது. ரஷ்யத் தூதுவரின் கடிதமும், அது முறையாக நன்கொடையாக்கப்படும் வரையில் மடத்தின் உடைமையே என்று ஒப்புக்கொண்டது. சுவடி திரும்பவில்லை. 10 ஆண்டுகளுக்குப் பின், 1869இல், சீனாயின் பேராயரும் துறவியரும் நன்கொடைப் பத்திரத்தில் கையொப்பமிட்டனர்; மடத்திற்கு 9,000 ரூபிள் அளிக்கப்பட்டது. அக்காலத்தில் பேராயர் பதவியைப் பற்றிய பூசல்களும் அதில் ரஷ்ய அரசின் செல்வாக்கும் இருந்தமையால், அந்நன்கொடை மனமுவந்து அளிக்கப்பட்டதா என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. சட்டப்படி அது நன்கொடையே என்பாரும் உளர். மடத்தார் அந்த ரசீதினை மறக்கவில்லை. பார்வையாளர் காணும்படி அதன் படியை வைத்திருக்கின்றனர்.

பிற்பாடு 1933ஆம் ஆண்டு டிசம்பரில் சோவியத் அரசு சுவடியை ஒரு லட்சம் பவுனுக்குப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு விற்றது. அத்தொகையில் பாதிக்கு மேல் பொதுமக்களின் காணிக்கை. இன்று 347 ஏடுகள் லண்டனிலும், 43 ஏடுகள் லைப்சிக்கிலும், சில துண்டுகள் ரஷ்யத் தேசிய நூலகத்திலும் உள்ளன. 1975இல் மடத்தின் வடமதிலிலிருந்த மறைந்த அறை ஒன்று வெளிப்பட்டபோது மேலும் 12 ஏடுகளும் பல துண்டுகளும் சீனாயிலேயே கிடைத்தன. இந்நான்கு இடத்தாரும் 2005இல் ஓர் உடன்படிக்கை செய்து, சிதறிய ஏடுகளையெல்லாம் படம்பிடித்து, 2009இல் இணையத்தில் ஒன்றாகச் சேர்த்து வெளியிட்டனர்.

வேறொரு வழி

பழைய சுவடிகளை அறிய விரும்பினால் அவற்றை எடுத்துச் செல்வதைத் தவிர வேறு வழி இல்லையோ என்று ஐயுறுவோர்க்கு விடை, அதே மடத்தின் வரலாற்றிலேயே உண்டு. ஆக்னஸ், மார்கரெட் என்னும் இரட்டைச் சகோதரிகள் ஸ்காட்லாந்தில் பிறந்த பிரெஸ்பிட்டேரிய சபைப் பெண்மணிகள். பெண்களுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் எளிதில் கிட்டாத நாட்களில் தாமாகவே மொழிகளைக் கற்றனர். 1892இல் அவர்கள் சீனாய்க்குச் சென்றபோது, துறவியருடன் அவர்களுடைய கிரேக்க மொழியிலேயே உரையாடினர், நம்பிக்கையைப் பெற்றனர். மேலெழுத்தாகப் பெண் புனிதர்களின் வரலாறு எழுதப்பட்டிருந்த ஓர் ஏட்டின் அடியில், சீரிய மொழியில் சுவிசேஷங்கள் இருப்பதை ஆக்னஸ் கண்டறிந்தார். அது மிகப் பழைய சீரிய மொழிபெயர்ப்பு என்பது பின்னர் உறுதியாயிற்று. அவர்கள் அதனைப் புகைப்படமெடுத்தனர். மறு ஆண்டு அறிஞர் சிலரை உடன் அழைத்துவந்து அங்கேயே படியெடுக்கச் செய்தனர். சுவடி சீனாயிலேயே இருக்கிறது. உலகமும் அதன் பயனைப் பெற்றது; மடமும் தன் பொருளை இழக்கவில்லை.

போதகர் சொல்லத்தக்கது

இப்போது மூப்பரின் வினாவிற்குத் திரும்புவோம். வேதத்தை எவரும் குறைக்கவில்லை என்று நாம் அவருக்குத் தயக்கமின்றிக் கூறலாம். புதிய மொழிபெயர்ப்பாளர் தங்கள் விருப்பப்படி நீக்கவில்லை. பழைய சான்றுகளுக்குக் கீழ்ப்படிந்தனர். திரியேகத் தேவனைப் பற்றிய நம் விசுவாசம் 1 யோவான் 5:7ஐ நம்பி நிற்பதன்று. மத்தேயு 28:19, 2 கொரிந்தியர் 13:14 முதலிய இடங்கள் உறுதியாய் நிற்கின்றன. பிரதிகள் பலவாயிருப்பது நமக்குக் குறையன்று. ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுப்பதற்கு அதுவே ஏது.

மாற்கு 16:8ஐப் பிரசங்கிக்கும் போதகர், அச்சத்துடன் ஓடும் அப்பெண்களோடு சபையாரைச் சற்று நிற்கச் செய்யலாம். உயிர்த்தெழுதலின் செய்தி முதலில் கேட்டோரைத் திகைக்கச் செய்தது என்பதும் சுவிசேஷமே. யோவான் 8இலுள்ள நிகழ்ச்சியைப் பிரசங்கிப்பவர், இது பழைய பிரதிகளில் இல்லை என்பதையும், சபை இதனை நெடுங்காலமாகப் போற்றி ஏற்றுக்கொண்டது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லலாம். இவ்வாறு உண்மை சொல்லக் கேட்ட சபையார் விசுவாசத்தில் தளர்வதில்லை. மறைத்துவைத்ததை வேறொருவர் வாயிலாகப் பின்னர் அறியும்போதே தளர்கின்றனர்.

கூடைக் கதையைப் பொறுத்தமட்டில், இனி அதனைப் பிரசங்க எடுத்துக்காட்டாகச் சொல்லாதிருப்பதே நமக்குத் தகும். பல நூற்றாண்டுகள் பாலைவனத்தின் நடுவே அச்சுவடியைக் காத்தவர்கள் நம் சகோதரராகிய கீழைச் சபைத் துறவியர். பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் கட்டளை அளிக்கப்பட்டதும் சீனாய் மலையில்தான். டிஷெண்டார்ப்பின் உழைப்புக்குத் திருச்சபை என்றும் கடன்பட்டிருக்கிறது. அவ்வுழைப்பை நன்றியுடன் நினைக்கும்போதே, திருப்பித் தருவதாக எழுதிக்கொடுத்த அந்த ரசீதினையும் நாம் நினைவில் வைக்கவேண்டும். வசனத்தின் உண்மையான பாடத்தைத் தேடுகிறவர், தாமும் உண்மையாய் இருக்கக் கடமைப்பட்டவர்.